மேஜையில் தனி ஆளாக ஒரு போர்: கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு மேஜையில் குட்டிச் சிப்பாய்களும் பனைமரங்களும் நிற்பதைப் பார்த்தால் வந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் கேள்வி கேட்பார்கள். பொம்மைப் படைகளை வைத்துப் பழைய போர்களை மேஜையில் ஆடும் இந்த விளையாட்டைத் தொடங்க நினைக்கிறவர்கள் கேட்பதும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

இது சதுரங்கம் மாதிரியா?

படை நகர்த்துவது வரை அப்படித்தான். ஆனால் கட்டம் கிடையாது. டேப் பிடித்து அங்குலக் கணக்கில் நகர்த்துவோம். சுட்டது பட்டதா, அடி வாங்கிய அணி நிற்குமா ஓடுமா என்பதைப் பகடை சொல்லும். சதுரங்கத்துக் குதிரை நீங்கள் வைத்த இடத்துக்குப் போகும். இங்கே குதிரைப்படை சில சமயம் நகரவே நகராது, சில சமயம் போகக் கூடாத தூரம் போய்த் தொலையும். பிரஷ்ய ராணுவம் 1820களில் தன் அதிகாரிகளின் பயிற்சிக்காக வரைபடமும் பகடையும் வைத்து நடத்திய ஆட்டம் இதற்கு மூத்த உறவு.

எதிரில் ஆளே இல்லாமல் எப்படி ஆடுவது?

எதிராளி செய்யும் வேலை மூன்று. அந்த மூன்றையும் வேறு எதனிடமாவது ஒப்படைத்துவிட்டால் ஆள் தேவையில்லை.

முதலாவது, யார் எப்போது நகர்வது. இதற்குச் சீட்டுக்கட்டு போதும். உங்கள் ஒவ்வொரு அணிக்கும் ஒரு கறுப்புச் சீட்டு, எதிரியின் ஒவ்வொரு அணிக்கும் ஒரு சிவப்புச் சீட்டு, கூடவே ஒரு ஜோக்கர். குலுக்கி ஒவ்வொன்றாக எடுங்கள். ஜோக்கர் வந்தால் அந்தச் சுற்று அதோடு முடிந்தது, மிச்சம் இருக்கிற அணிகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இந்த ஒரு விதியே தனி ஆட்டத்துக்குப் பாதி உயிர் கொடுத்துவிடும். எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டாலும், பாதிப் படை நகர்வதற்குள் ஜோக்கர் எட்டிப் பார்த்துவிடும்.

இரண்டாவது, எதிரி என்ன செய்வான் என்பது. ஒரு சின்ன அட்டவணை எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றிலிருந்து ஆறு வரை. எதிரி அணியின் சீட்டு வந்ததும் பகடையை உருட்டி, அட்டவணை சொல்வதைச் செய்யுங்கள். அட்டவணை நீளமாக இருந்தால்தான் எதிரி புத்திசாலியாக இருப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு வரிக்கு மேல் போனால் ஆடுகிற நேரத்தைவிடத் தாளைப் பார்க்கிற நேரம் கூடிவிடும்.

மூன்றாவது, தெரியாத விஷயங்கள். எதிரியின் பலம் எவ்வளவு, தளபதி எப்படிப்பட்ட ஆள், அந்தத் தோப்புக்குள் யாராவது இருக்கிறார்களா? இவற்றைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்து, கிட்டப் போகும்போது திருப்பிப் பாருங்கள். நாலு சீட்டுகள் கவிழ்ந்து கிடந்து, அவற்றில் இரண்டு வெற்றுச் சீட்டுகளாக இருந்தால், நாலையும் பார்த்து நடுங்கத்தான் வேண்டும்.

நமக்கு நாமே ஏமாற்றிக்கொள்ள மாட்டோமா?

மாட்டீர்கள். தனி ஆளாக ஆடிக் கள்ளத்தனமாக ஜெயித்து யாரிடம் போய்ச் சொல்வது? உண்மையான சிக்கல் வேறு: சந்தேகம் வரும்போது எந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்வது என்று குழம்பி நேரம் போகும். அப்போது பகடையை உருட்டுங்கள். நாலு, ஐந்து, ஆறு என்றால் எதிரிக்குச் சாதகம். தீர்ந்தது.

எந்தப் போரை ஆடலாம்?

காலனிய எல்லைப் போர் என்றதும் உலகம் முழுக்க இந்த விளையாட்டில் இருக்கிறவர்களுக்கு நினைவு வருவது கைபர் கணவாயும் தென்னாப்பிரிக்காவின் சூலு நாடும். 1879 ஜனவரி 22-23இல் ரோர்க்ஸ் ட்ரிஃப்ட் என்ற சிறு முகாமை நூற்றைம்பது பேர் அளவில் இருந்த பிரிட்டிஷ் காவல், ஆயிரக்கணக்கான சூலு வீரர்களிடமிருந்து காத்து நின்றது. தனி ஆட்டக்காரர்களுக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணம் எளிது. ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது, இன்னொரு பக்கம் வந்துகொண்டே இருக்கிறது. வந்துகொண்டே இருக்கிற பக்கத்தைப் பகடையிடம் விட்டுவிடலாம்.

ஆனால் கடலூரில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் கைபருக்குப் போக வேண்டும்? நம் வாசலிலேயே போதுமான போர் நடந்திருக்கிறது.

1746 அக்டோபர் 24 அன்று அடையாற்றங்கரையில் பாரதி என்ற சுவிஸ்காரர் பிரெஞ்சுக் கம்பெனிக்காக ஆயிரம் பேர் அளவிலான படையோடு ஆற்றைக் கடந்து, நவாப் அன்வாருதீனின் மகன் மாபூஸ்கானின் சுமார் 10,000 பேரைக் கலைத்தார். சின்ன மேஜை, ஒரு ஆறு, ஒரு மணி நேரம் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நல்ல ஆட்டம். (பெயரைப் பார்த்து நம் பாரதியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பரதி, பாரதிஸ் என்றெல்லாம் எழுதலாம், பிரெஞ்சு எழுத்து அப்படி.)

1781 ஜூலை 1, பரங்கிப்பேட்டை. ஐதர் அலியின் பெரும் படையை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் கடலோரமாக எதிர்கொண்ட நாள். குதிரைப்படை நிறைய வேண்டும், மேஜையும் பெரிதாக வேண்டும். பொம்மை சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1783 ஜூன், கடலூர் முற்றுகை. என் தேர்வு இதுதான். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஊருக்குள் இருக்கிறார். ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஸ்டூவர்ட் வடக்கிலிருந்து வந்து, வண்டிப்பாளையம் குன்றுகளைச் சுற்றிக்கொண்டு ஊருக்குத் தெற்கே இறங்குகிறார். இன்று கேப்பர் மலைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கும் அதே செம்மண் மேடுகள். ஜூன் 13இல் பெரிய தாக்குதல், இரு தரப்புக்கும் பலத்த சேதம். 20இல் கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் 15 கப்பல்களோடு ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்து நிற்க, ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிவிடுகிறார். 25இல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைவிட்டு வெளியே பாய்ந்து அடிக்கிறார்கள், அது பலிக்கவில்லை. அப்புறம் கப்பலில் செய்தி வருகிறது: ஐரோப்பாவில் ஜனவரியிலேயே முதற்கட்ட சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம்! ஐந்து மாதம் தாமதமாக வந்த அந்தச் செய்தியை ஆட்டத்தில் சேர்க்காவிட்டால் கடலூர் முற்றுகை முழுமையாகாது. ஆறாவது சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு பகடை உருட்டுங்கள். கூட்டுத்தொகை பத்து அல்லது அதற்கு மேல் வந்தால் செய்தி வந்துவிட்டது, யார் எங்கே நிற்கிறார்களோ அங்கேயே ஆட்டம் முடிகிறது. எப்போது முடியும் என்று தெரியாததால், இன்றைக்கே அடிப்பதா, பீரங்கி அடித்துச் சுவர் இளகும்வரை பொறுப்பதா என்ற பதைப்பு ஒவ்வொரு சுற்றிலும் இருக்கும்.

நான் எந்தப் பக்கம் ஆட வேண்டும்?

இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நானே கேட்டுப் பதில் சொல்கிறேன்.

பெரும்பாலான காலனிய ஆட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் ஐரோப்பியத் தளபதி. உள்ளூர்க்காரர்களைப் பகடை நடத்தும். அவர்கள் புதரிலிருந்து கிளம்புவார்கள், ஓடி வருவார்கள், சாவார்கள் அல்லது ஓடிப்போவார்கள். திட்டம், தலைவன், உணவு, ஊர் எதுவும் அவர்களுக்குக் கிடையாது. பதுங்கித் தாக்குகிறவனைப் பகடையிடம் விட்டால் ஆடுகிறவருக்குத் திகில் கிடைக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதில் உண்மை இருக்கிறது.

ஆனாலும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். எதைப் பகடையால் நடத்துவது சுலபம்? சாலையில் வரிசையாக வருகிற, பீரங்கியையும் மாட்டுவண்டியையும் விட்டு நகர முடியாத, கட்டளைப்படி மட்டுமே நடக்கிற ஆங்கிலேயக் கம்பெனிப் பட்டாளத்தைத்தானே? ஆறு வரி அட்டவணையில் அந்தத் தளபதி முழுசாக அடங்கிவிடுவார். எங்கே மறிப்பது, எப்போது விலகுவது, எந்தக் கிராமத்தை விட்டுக்கொடுப்பது என்று மூளையைக் கசக்குகிற வேலை எல்லாம் எதிர்த் தரப்பில்தான் இருக்கிறது. அந்த வேலையை ஏன் பகடையிடம் கொடுக்கிறோம்?

வரலாறும் அப்படித்தான் சொல்கிறது. 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டு, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்தார்கள். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார், சில நாட்களிலேயே அந்த மண்கோட்டை மறுபடி எழுந்து நின்றது. மார்ச் 31இல் கம்பெனிப் படை நடத்திய தாக்குதல் தோற்றது. கூடுதல் படையும் பீரங்கிகளும் வரவழைத்துத்தான் மே 24இல் கோட்டையைப் பிடித்தார்கள். இப்படிச் சண்டை போட்டவர்களை ‘எங்கிருந்தோ வரும் கூட்டம்’ என்று அட்டவணையில் எழுதினால் ஆட்டமும் கெடும், வரலாறும் கெடும்.

இன்னொரு லாபமும் உண்டு. தனி ஆட்டத்தில் ஒளிந்துகொள்வது வழக்கமாகப் பெரிய தலைவலி, ஏனென்றால் இரண்டு பக்கமும் உங்களுக்குத் தெரியும். நீங்களே பதுங்குகிறவராக இருந்தால் அந்தத் தலைவலி போய்விடும். பகடைக்குக் கண் கிடையாது, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது.

சரி, உடனே ஆடிப் பார்க்க ஒரு ஆட்டம் சொல்லுங்கள்.

காளையார்கோயில் பாதை. 1801இல் மருது சகோதரர்களைப் பிடிக்கச் சிறுவயலிலிருந்து காளையார்கோயிலை நோக்கிக் காட்டை வெட்டி வழி போட முயன்ற கம்பெனிப் படை, வாரக்கணக்கில் உழைத்துவிட்டு அந்த முயற்சியைக் கைவிட்டது. பிறகு வேறு திசையிலிருந்து போய்த்தான் ஊரைப் பிடித்தார்கள். நாம் ஆடப்போவது அந்த வழி வெட்டும் வேலையின் ஒரு நாள்.

நாலடி நீளம், மூன்றடி அகலம் உள்ள மேஜை. நீளவாக்கில் நடுவே ஒரு கோடு, வெட்டப்போகும் பாதை அது. இரண்டு பக்கமும் காடு, நாலைந்து இடத்தில் மட்டும் வெட்டவெளி. கம்பெனிப் பக்கம் இரண்டு சிப்பாய் அணி, ஒரு வெள்ளைக்காரர் அணி, ஒரு பீரங்கி, முன்னால் வழி வெட்டும் ஆட்கள், பின்னால் வண்டிகள். உங்கள் பக்கம் ஆறு குழு, குழுவுக்கு ஐந்து பேர். இரண்டில் திரித்துப்பாக்கி, மற்றவற்றில் ஈட்டியும் வளரியும்.

வழி வெட்டுகிறவர்களுக்குச் சீட்டு கிடையாது. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இரண்டு பகடை உருட்டி, எது பெரிதோ அத்தனை அங்குலம் முன்னேறுவார்கள். மற்ற அணிகள் பின்னாலேயே வரும். சராசரியாகச் சுற்றுக்கு நாலரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. தடையே இல்லாவிட்டால் 48 அங்குலத்தைப் பதினோரு சுற்றில் கடந்துவிடுவார்கள். ஆட்டம் பதினாலு சுற்று, அதற்குப் பிறகு இருட்டிவிடும். ஆக, மூன்று நாலு சுற்றை அவர்கள் வீணாக்கும்படி செய்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். வெட்டுகிறவர்களுக்கு ஆறு அங்குலத்துக்குள் சண்டை நடந்தால் அடுத்த சுற்றில் வெட்டு நின்றுவிடும்.

சிவப்புச் சீட்டு வந்தால், இன்னும் நகராத கம்பெனி அணிகளில் உங்கள் ஆட்களுக்கு மிக அருகில் இருப்பது எதுவோ அதற்காகப் பகடை உருட்டுங்கள். ஒன்று வந்தால் வண்டிகளை நோக்கிப் பின்வாங்கிச் சுற்றி நிற்கும், அடுத்த சுற்றில் வெட்டும் நிற்கும். இரண்டு, மூன்று என்றால் திரும்பி வரிசை கட்டிச் சுடும். நாலு என்றால் பீரங்கிக்குக் குறி தெரிந்தால் பீரங்கி சுடும், இல்லாவிட்டால் அணியே சுடும். ஐந்து வந்தால் துப்பாக்கி முனையில் ஈட்டியைச் செருகிக்கொண்டு காட்டுக்குள் பாயும். ஆறு வந்தால் உங்களைக் கண்டுகொள்ளாமல் நடையைத் தொடரும். கண்ணுக்கு எதிரில் நீங்கள் யாருமே இல்லை என்றால் பகடையே வேண்டாம், நடைதான்.

தளபதியின் குணத்தை மூன்று சீட்டில் எழுதிக் கவிழ்த்து, ஒன்றை மட்டும் எடுத்து வையுங்கள்: பயந்தவர், பிடிவாதக்காரர், சாதாரண ஆள். முதல் குண்டு வெடித்ததும் திருப்பிப் பாருங்கள். பயந்தவர் என்றால் பகடையில் ஒன்றைக் கழியுங்கள், பிடிவாதக்காரர் என்றால் ஒன்றைக் கூட்டுங்கள். பிடிவாதக்காரர் வந்தால் உங்களுக்குக் கஷ்டகாலம். அவர் வண்டியோடு ஒண்டவே மாட்டார், பாய்வதும் நடப்பதும் கூடும்.

சுடுவதற்கு ஆளுக்கு ஒரு பகடை. ஐந்தும் ஆறும் பட்டதாகக் கணக்கு. காட்டுக்குள் இருப்பவரைச் சுட்டால் ஆறு மட்டும். சிப்பாய்த் துப்பாக்கிக்கு எட்டு அங்குலம், திரித்துப்பாக்கிக்கு ஆறு, வளரிக்கு மூன்று. கைகலப்பில் ஆளுக்கு ஒரு பகடை, நாலும் அதற்கு மேலும் பட்டது. மூன்று பேரை இழந்த குழு மேஜையை விட்டுப் போய்விடும். உங்கள் ஆறு குழுவில் மூன்று போய்விட்டால் மிச்சம் பேர் அன்றைக்குச் சண்டையை முடித்துக்கொள்வார்கள். ஆகவே வீரம் காட்டலாம், அளவோடு.

எட்டு அங்குலம் மிகவும் குறைவாக இருக்கிறதே?

அந்தக் காலத்து மஸ்கட் துப்பாக்கி நூறு கஜத்துக்கு மேல் ஒரு தனி ஆளைக் குறிபார்த்து அடிக்க லாயக்கில்லை. நன்றாகப் பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். வரிசையாக நின்று மொத்தமாகச் சுட்டதே அதனால்தான். எட்டு அங்குலத்தைப் பன்னிரண்டாக நீட்டினால் காட்டுக்குப் பொருளே இல்லாமல் போகும்.

மழைக்கு விதி வேண்டுமா?

கடலூர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! மழை இல்லாமல் இந்தக் கரையில் எந்தப் படையெடுப்பும் இல்லை. 1748இல் பெரிய கடற்படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் ஆகஸ்டில் தொடங்கி அரியாங்குப்பத்தில் நாளைக் கடத்தி, பாண்டிச்சேரியைப் பிடிக்க முடியாமல் அக்டோபரில் மழை பிடித்ததும் முற்றுகையைக் கைவிட்டார். மேலே சொன்ன பாரதி ஊரைக் காத்து நின்று இறந்தது அந்த முற்றுகையில்தான். 1761 புத்தாண்டு அன்று அடித்த புயல், பாண்டிச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயக் கப்பல்களில் சிலவற்றை மூழ்கடித்தது. இருந்தும் அடுத்த இரண்டே வாரத்தில் பட்டினியால் பிரெஞ்சுத் தளபதி லாலி ஊரை ஒப்படைத்தார்.

மேஜையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஐப்பசி, கார்த்திகையில் நடக்கும் ஆட்டம் என்றால் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒரு பகடை. ஒன்று வந்தால் மழை. அந்தச் சுற்றில் துப்பாக்கி எதுவும் வெடிக்காது, பீரங்கி நகராது. ஈட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொண்டாட்டம்.

பொம்மைகள் எங்கே கிடைக்கும்? எந்த அளவு நல்லது?

28 மில்லிமீட்டர் பார்க்க அழகு, வண்ணம் பூச வசதி, ஆனால் விலையும் இடமும் அதிகம். 15 மில்லிமீட்டர் சாப்பாட்டு மேஜைக்குச் சரியாக இருக்கும். 1/72 பிளாஸ்டிக் பெட்டிகள் சிக்கனம். இந்தப் போருக்கென்றே சிப்பாய்கள் கிடைக்காவிட்டால், தலைப்பாகை கட்டிய வேறு போர்ப் பொம்மைகளை எடுத்து, எம்-சீல் வைத்து இடைக்கச்சை சேர்த்துக்கொள்ளலாம். 3டி பிரிண்டர் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

வண்டிப்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகக் கொலு பொம்மை செய்கிறார்கள், திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறார்கள். சிப்பாய் அளவுக்குச் சிறியதை அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் கோபுரம், மண்டபம், வீடு போன்றவற்றுக்கு அங்கே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

உடுப்புக்கு என்ன நிறம்?

1740களில் சிப்பாய்களுக்கு ஒரே மாதிரி உடுப்பு கிடையாது, ஆகவே வேட்டியும் கச்சையும் கைக்கு வந்த நிறத்தில் பூசலாம். 1801 என்றால் சிவப்புச் சட்டை, முழங்காலுக்கு மேலே நிற்கும் வெள்ளைக் கால்சட்டை, தலைப்பாகை. பிரெஞ்சுத் தரைப்படைக்குப் பெரும்பாலும் வெள்ளை. ஒரு விதிவிலக்கு, லாலியின் ஐரிஷ் ரெஜிமென்ட். அவர்கள் பிரான்சுக்காகச் சண்டை போட்டாலும் சிவப்பு உடுத்தினார்கள். 1760 ஜனவரி 22 வந்தவாசிப் போரை ஆடினால் இரண்டு பக்கமும் சிவப்பு நிற்கும். பொம்மை நிற்கும் அடித்தட்டின் (பேஸ்) ஓரத்தில் வேறு வேறு நிறக் கோடு போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சொந்தப் படையையே சுட நேரிடும்.

வண்ணத்துக்கு முன்னால் அடிக்கும் பிரைமர் ஸ்ப்ரேயை நம் கடற்காற்றில் மாலையில் அடிக்காதீர்கள். ஈரப்பதம் அதிகமானால் வெள்ளை பூத்து, பொரிப் பொரியாக நிற்கும். காய்ந்த நாளாகப் பார்த்து முற்பகலில் அடியுங்கள், அல்லது பிரஷ்ஷால் பூசும் பிரைமர் வாங்குங்கள்.

மேஜையில் நம் ஊர் நிலத்தை எப்படிக் கொண்டுவருவது?

வெளிநாட்டுப் பைன் மரங்களை வாங்கி நட்டுவிட்டு அதைக் கடலூர் என்று சொல்லாதீர்கள். தேங்காய் நார்க் கயிற்றைப் பிரித்துப் பச்சை சாயத்தில் முக்கினால் புதர். பல் குத்தும் குச்சியின் தலையில் தடித்த காகிதத்தை விசிறியாக வெட்டி ஒட்டினால் பனை. சவுக்குத் தோப்புக்குப் பழைய பாட்டில் பிரஷ்ஷை நறுக்கினால் போதும். வயல் வரப்பைக் கட்டாயம் வையுங்கள். வரப்புக்குப் பின்னால் குனிந்தவனைச் சுடுவது கஷ்டம், பீரங்கியைச் சேற்று வயலில் இழுப்பது அதைவிடக் கஷ்டம். ஏரிக்கரை ஒன்று இருந்தால் அதுவே பாதிக் கோட்டை.

குன்றுக்குத் தெர்மாகோல் போதும். ஆனால் ஸ்ப்ரே பெயிண்ட் பட்டால் கரைந்துபோகும், முதலில் ஃபெவிகாலும் செம்மண்ணும் கலந்து ஒரு பூச்சுக் கொடுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை மணலைப் பேஸுக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து விடுங்கள். உப்பு இருந்தால் கொஞ்ச நாளில் வெள்ளையாகப் பூக்கும்.

அந்தக் கோட்டைகளில் எதையாவது இன்று பார்க்க முடியுமா?

பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையை 1758இல் லாலி பிடித்துத் தகர்த்துவிட்டார், கெடிலத்தின் ஓரம் மிச்சம் இருப்பது சிதிலம். பழிக்குப் பழியாகப் பாண்டிச்சேரிக் கோட்டையை 1761இல் ஆங்கிலேயர் இடித்தார்கள். அது நின்ற இடத்தில்தான் இன்று பாரதி பூங்காவில் மக்கள் காற்று வாங்குகிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை மட்டும் இன்னும் நிற்கிறது. அவர் 1736இலிருந்து 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, ஆட்டத்துக்குச் சம்பவச் சீட்டு எழுத அள்ள அள்ளக் குறையாத களஞ்சியம். வதந்தி, விலைவாசி, யார் யாரைப் பார்த்து முகம் திருப்பினார்கள் என்பதுவரை இருக்கிறது.

குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. பகடை உருட்டும் வேலையைக் கொடுங்கள், கம்பெனித் தளபதி கிடைத்துவிட்டார். பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கும், அவற்றைச் சின்னக் குழந்தைகள் கையில் தர வேண்டாம்.

தொடங்குவதற்கு முதலில் எதை வாங்க வேண்டும்?

எதையும் வாங்க வேண்டாம். அட்டையில் சிப்பாய்களை வெட்டி, வீட்டில் இருக்கும் சீட்டுக்கட்டையும் தாயக்கட்டத்தோடு கிடக்கும் பகடையையும் எடுத்துக் காளையார்கோயில் பாதையை ஆடிப் பாருங்கள். தாயக்கட்டை நீளக்கட்டையாக இருந்தால் ஆகாது, ஆறு முகப் பகடை வேண்டும், அது ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும். பத்தாவது சுற்றில் பிடிவாதக்காரத் தளபதி பீரங்கியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருக்க, கையில் நாலே குழு மிச்சம் இருக்க, இன்னொரு கறுப்புச் சீட்டு வராதா என்று நீங்கள் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், அப்புறம் பொம்மை வாங்கலாம்.